கொலு பொம்மைகள்

கொலு பொம்மைகள் என்பவை நவராத்திரி விழாவின்போது வீடுகளிலும் கோவில்களிலும் படிப்படியாக அமைந்த மேடையில் அடுக்கிக் காட்சிக்கு வைக்கப்படும் பொம்மைகள் ஆகும். தமிழ்நாட்டில் இக்காட்சி கொலு, நவராத்திரிக் கொலு, பொம்மைக் கொலு என்று அழைக்கப்படுகிறது. ஆந்திரப் பிரதேசம், தெலுங்கானா ஆகியவற்றில் பொம்மல கொலுவு என்றும், கருநாடகத்தில் கொம்பெ ஹப்ப என்றும் இது வழங்குகிறது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் வாழும் தமிழரிடையேயும் இவ்வழக்கம் உண்டு.

கொலு ஒரு வழிபாடாக இருப்பதோடு, தலைமுறைகளைக் கடந்து வளரும் பொம்மைச் சேகரிப்பாகவும் விளங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய பொம்மையையாவது வாங்கிச் சேர்ப்பது மரபு. இதனால் ஒரே படியில் பாட்டியின் மரப்பாச்சியும் சென்ற ஆண்டு வாங்கிய பொம்மையும் அருகருகே நிற்பதைக் காணலாம். இச்சேகரிப்பு ஆண்டில் ஏறத்தாழ பத்து நாட்கள் மட்டுமே வெளியில் இருக்கும். எஞ்சிய நாட்களில் பெட்டிக்குள் இருக்கும்.

பெயர்

கொலு என்ற சொல்லுக்கு அரசவை, அரசர் அவையில் வீற்றிருத்தல் என்று பொருள். அரசர் அமர்ந்திருப்பதைக் கொலுவிருத்தல் என்பர். தேவி தன் பரிவாரங்களுடன் அவையில் வீற்றிருப்பதாகக் கொண்டு பொம்மைகளை வரிசையாக வைப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. தெலுங்கில் கொலுவு என்னும் சொல்லும் இதே பொருளைத் தருவதாகும்.

வரலாறு

தமிழில் பொம்மையைக் குறிக்கும் பழைய சொல் பாவை என்பதாகும். சங்க இலக்கியத்தில் சிறுமியர் வண்டல் மண்ணால் செய்து விளையாடிய வண்டற்பாவையும், பஞ்சாய்க் கோரையால் செய்த பஞ்சாய்ப் பாவையும் குறிப்பிடப்படுகின்றன. எனினும் அவை விளையாட்டுப் பாவைகள். படிகளில் பொம்மைகளை அடுக்கும் கொலு வழக்கம் இவற்றுக்குப் பிற்பட்டது.

நவராத்திரியை அரச விழாவாகப் பெரிய அளவில் கொண்டாடியவர்கள் விசயநகரப் பேரரசர்கள் ஆவர். 16 ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்த்துக்கேயரான தொமிங்கோ பயசு, பெர்னாவோ நூனிசு ஆகியோர் மகாநவமி விழாவைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். பேரரசு வலுவிழந்த பின்னர் அவ்விழா மரபை மைசூர் உடையார்கள் தொடர்ந்தனர். 1610 ஆம் ஆண்டில் முதலாம் இராச உடையார் சீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கினார். விசயநகரத்தின் கடைசி மரபினரான அரவிடு அரசர்களுக்கு 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேலூர்க் கோட்டை தலைநகரங்களுள் ஒன்றாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அரசவையின் கொலு வீட்டுக்குள் பொம்மைக் கொலுவாக மாறியதில் அரண்மனைகளின் செல்வாக்கு உண்டு எனக் கருதப்படுகிறது. மைசூர் அரண்மனையில் பொம்மைகளுக்கெனவே கொம்பெ தொட்டி என்னும் பகுதி உள்ளது. 19, 20 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பொம்மைகள் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

கொலு அமைக்கும் முறை

புரட்டாசி மாத அமாவாசையான மகாளய அமாவாசையன்று அல்லது அதற்கடுத்த நாள் கொலு வைக்கப்படுகிறது. ஒன்பது இரவுகளுக்குப் பின் பத்தாம் நாள் விசயதசமி வருகிறது. ஆங்கில நாட்காட்டியில் இது செப்டம்பர் அல்லது அக்டோபரில் அமையும். ஆந்திரத்தின் கடலோர மாவட்டங்களில் பல வீடுகளில் கொலு சங்கராந்தியின்போது வைக்கப்படுகிறது.

படிகள்

படிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமையும். 3, 5, 7, 9, 11 என்பன வழக்கமான எண்ணிக்கைகள். முற்காலத்தில் டிரங்குப் பெட்டிகள், முக்காலிகள், மரப்பலகைகள் ஆகியவற்றை அடுக்கி, அவற்றின்மேல் வெள்ளை வேட்டியை விரித்துப் படிகள் செய்தனர். பொம்மைகள் வெளியே வந்தபின் காலியான பெட்டியே படியாக மாறியது. இக்காலத்தில் மடித்து வைக்கக்கூடிய இரும்புப் படிகளும், துளையிட்ட கோணச் சட்டங்களைத் திருகாணியால் பூட்டிச் செய்யும் படிகளும் பரவலாகப் பயன்படுகின்றன.

பொம்மைகளின் வரிசை

கீழ்ப்படியிலிருந்து மேற்படி வரை உயிர்களின் படிநிலையைக் காட்டுவது ஒரு மரபாகும். அடியில் செடி, கொடி, அதற்கு மேல் நத்தை, சங்கு போன்றவை, பின் பூச்சிகள், பறவைகள், விலங்குகள், மனிதர், மகான்கள், தேவர்கள், உச்சியில் தெய்வங்கள் என வைப்பர். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிக்கும் பகுப்பு தொல்காப்பியத்தின் மரபியலில் காணப்படுகிறது. கொலுப்படிக்கு விளக்கம் தருவோர் பெரும்பாலும் இதனைச் சுட்டுவர்.

நடைமுறையில் எல்லா வீடுகளிலும் இவ்வரிசை பின்பற்றப்படுவதில்லை. மேற்படியில் கலசமும் மரப்பாச்சி இணையும் தெய்வ உருவங்களும், நடுவில் தசாவதாரம், அட்டலட்சுமி போன்ற தொகுதிகளும், கீழே அன்றாட வாழ்க்கைக் காட்சிகளும் இடம்பெறும். அரிசி, பருப்பு, காய்கறிகளைப் பரப்பிய கடையுடன் அமர்ந்திருக்கும் செட்டியார், செட்டிச்சி பொம்மைகள் கீழ்ப்படியில் தவறாமல் காணப்படுபவை. திருமண ஊர்வலம், பள்ளிக்கூடம், மட்டைப்பந்தாட்டம், நாகசுரக் கச்சேரி ஆகியவையும் தொகுதிகளாகக் கிடைக்கின்றன.

படிகளுக்குப் பக்கத்தில் தரையில் பூங்கா அமைப்பது பெரும்பாலும் சிறுவர்களின் பணி. மணலைப் பரப்பிக் கடுகு, வெந்தயம், கேழ்வரகு ஆகியவற்றை விதைத்து முளைக்க வைத்து, அதைப் புல்வெளியாகக் காட்டுவர்.

நிறைவு

விசயதசமி இரவில் ஆரத்தி எடுத்தபின், ஏதேனும் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பர். கொலு முடிந்து பொம்மைகள் உறங்கச் செல்கின்றன என்பது இதன் பொருள். மறுநாள் பொம்மைகள் எடுக்கப்பட்டுப் பெட்டியில் வைக்கப்படும். பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்யும் களிமண் உருவங்களைப்போல் கொலு பொம்மைகள் நீரில் கரைக்கப்படுவதில்லை. அடுத்த ஆண்டும் அவையே வரவேண்டும்.

பொம்மை வகைகள்

மரப்பாச்சி

மரப்பாச்சி என்பது ஆண், பெண் இணையாகச் செதுக்கப்படும் மரப்பொம்மை. பெரும்பாலும் செம்மரத்தாலும், சில இடங்களில் கருங்காலி போன்ற பிற மரங்களாலும் செய்யப்படுகிறது. கொலுவில் முதலில் வைக்கப்படும் பொம்மை இதுவே. மணமகளுக்குத் தாய்வீட்டார் மரப்பாச்சி இணையைச் சீராகத் தருவர். அந்த இணையைக் கொண்டே அவள் புகுந்த வீட்டில் தன் கொலுவைத் தொடங்குவாள். கருநாடகத்தில் இதற்கு ஒப்பானவை பட்டத கொம்பெ எனப்படுகின்றன. ஆடையின்றிச் செதுக்கப்படுவதால் ஆண்டுதோறும் புதிய பட்டுத்துணி, மணிகள் ஆகியவற்றால் அலங்கரிப்பர்.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் மரமாகும். கடப்பை, சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இது மிகுதியாக உள்ளது. திருப்பதி நீண்டகாலமாக மரப்பாச்சிக்குப் பெயர்பெற்ற ஊராக இருப்பதற்கு இதுவே காரணம். 1995 ஆம் ஆண்டில் செம்மரம் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெட்டுதலுக்கும் விற்பனைக்கும் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளதால், இன்று விற்கப்படும் பல மரப்பாச்சிகள் வேறு மரத்தில் செய்து சாயம் ஏற்றப்பட்டவையாக உள்ளன.

சுடுமண் பொம்மைகள்

கொலு பொம்மைகளுள் பெரும்பகுதி களிமண்ணால் செய்து சூளையில் சுட்டு வண்ணம் பூசப்பட்டவை. தெய்வங்கள், புராணக் காட்சிகள், தேசத் தலைவர்கள், தொழில் செய்வோர் எனப் பல உருவங்கள் உள்ளன.

காகிதக்கூழ் பொம்மைகள்

எடை குறைவாக இருப்பதால் பெரிய உருவங்களுக்குக் காகிதக்கூழ் ஏற்றது. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஈரமும் செல்லும் இதன் பகைகள்.

தஞ்சாவூர் பொம்மைகள்

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை இரு வகைப்படும். முதல் வகையான இராசா, இராணி பொம்மைகளின் அடிப்பகுதி அரைக்கோள வடிவில் கனமாகவும், மேற்பகுதி உள்ளீடற்று இலேசாகவும் இருக்கும். புவியீர்ப்பு மையம் மிகவும் தாழ்வாக அமைவதால், சாய்த்துவிட்டால் தானாக நிமிர்ந்துவிடும். இரண்டாம் வகையான நடனப் பொம்மையில் தலை, உடல், பாவாடை ஆகியவை தனித்தனியாகச் செய்யப்பட்டுக் கம்பி முனைகளில் தாங்கவைக்கப்பட்டிருக்கும். சிறிது தொட்டாலும் ஒவ்வொரு பகுதியும் தனித்து அசையும். தஞ்சாவூர் பொம்மைக்கு 2008-09 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பிற மாநிலப் பொம்மைகள்

கருநாடகத்தின் சென்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய பொம்மைகள் செய்யப்படுகின்றன. இவை 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. ஆந்திரத்தின் கொண்டபள்ளிப் பொம்மைகள் மென்மரத்தில் செதுக்கிப் பகுதிகளை ஒட்டிச் செய்யப்படுபவை. தசாவதாரமும் அம்பாரி யானையும் அவற்றுள் புகழ்பெற்றவை. ஆந்திரத்தின் நிம்மலகுண்டாவில் ஆட்டுத்தோலால் செய்யப்படும் தோற்பாவைகளும் விளக்குகளும் அண்மைக் காலத்தில் கொலுவின் பின்னணி அலங்காரமாகப் பயன்படுகின்றன. இதற்குப் பதனிட்ட தோல் பயன்படாது. மயிர் நீக்கி ஒளி ஊடுருவும்வரை சுரண்டிய பச்சைத்தோலே வேண்டும்.

பீங்கான், செலுலாயிடு பொம்மைகள்

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செருமனி, சப்பான் ஆகிய நாடுகளிலிருந்து பீங்கான் பொம்மைகளும் செலுலாயிடு பொம்மைகளும் உலகெங்கும் ஏற்றுமதியாயின. பழைய குடும்பக் கொலுக்கள் சிலவற்றில் இவை இன்றும் உள்ளன. செலுலாயிடு என்பது நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த பொருளாகும். இது மிக எளிதில் தீப்பற்றும். 1932 ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று தோக்கியோவின் சிரோக்கியா பல்பொருள் அங்காடியில், பொம்மைப் பிரிவில் செலுலாயிடு பொருள்கள் பற்றி எரிந்ததில் 14 பேர் உயிரிழந்தனர். எண்ணெய் விளக்கும் கற்பூரமும் ஏற்றப்படும் கொலுவில் இப்பொம்மைகளை விளக்கிலிருந்து தொலைவில் வைத்தல் வேண்டும்.

தற்காலப் பொம்மைகள்

பாரிசுச் சாந்து, கண்ணாடியிழை, நெகிழி ஆகியவற்றாலான பொம்மைகள் இன்று மிகுதி. 1959 ஆம் ஆண்டு மார்ச்சு 9 அன்று நியூயார்க் பொம்மைச் சந்தையில் அறிமுகமான பார்பிப் பொம்மையும் புடவை உடுத்திக் கொலுப்படியில் இடம்பெறுவதுண்டு. காலத்துக்கேற்ற நிகழ்ச்சிகளும் பொம்மைகளாகின்றன. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் காஞ்சிபுரம் அத்தி வரதர் தரிசனம் 2019 ஆம் ஆண்டு சூலை, ஆகசுட்டு மாதங்களில் நடைபெற்றது. அவ்வாண்டு நவராத்திரியில் அத்தி வரதர் பொம்மைகள் பெருமளவில் விற்பனையாயின.

செய்முறை

சுடுமண் பொம்மை செய்யும் முறை பின்வருமாறு:

1. ஏரிக் களிமண்ணை ஊறவைத்துக் கல், வேர் ஆகியவற்றை நீக்கி, நுண்மணல் சேர்த்து மிதித்துப் பிசைவர்.
2. முன்பக்கம், பின்பக்கம் என இரு பகுதிகளாக உள்ள அச்சில் மண்ணைத் தகடாக அழுத்துவர். பொம்மையின் உட்புறம் வெற்றிடமாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும்.
3. இரு பகுதிகளையும் குழைமண்ணால் ஒட்டி, இணைப்பைத் தடவிச் சீராக்குவர். கை, ஆயுதம் போன்ற நீட்சிகள் தனியே செய்து பொருத்தப்படும்.
4. நிழலில் சில நாட்கள் உலர்த்திய பின் வெயிலில் காய வைப்பர்.
5. விறகு, வைக்கோல், வறட்டி ஆகியவற்றைக் கொண்டு சூளையில் சுடுவர்.
6. வெண்ணிறப் பூச்சு அடித்து, அதன்மேல் வண்ணம் தீட்டுவர். கண் எழுதுவது கடைசி வேலை. தேர்ந்த கையினரே இதைச் செய்வர்.

காகிதக்கூழ் பொம்மைக்குப் பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, சீமைச்சுண்ணாம்புத் தூளும் பசையும் சேர்த்து அச்சில் அழுத்துவர். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு.

ஓர் உருவத்தின் முதல் மாதிரியைக் கையால் வனைந்து அதிலிருந்து அச்சு எடுக்கப்படுகிறது. அச்சு பலமுறை பயன்பட்டபின் தேய்ந்து, முகத்தின் நுண்மை மழுங்கும். புதிய மாதிரியை வனையத் தெரிந்தவர் இல்லாவிடில், பழைய பொம்மையிலிருந்தே மீண்டும் அச்சு எடுக்கப்படும். களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்குவதால், இவ்வாறு படியெடுக்குந்தோறும் பொம்மை சற்றுச் சிறிதாகவும் தெளிவு குறைந்தும் போகும். பழைய பொம்மையின் முகம் புதியதைவிடக் கூர்மையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தயாரிக்கும் இடங்கள்

கடலூர் மாவட்டத்திலுள்ள பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை அருகேயுள்ள விளாச்சேரி, சென்னையின் கொசப்பேட்டை, புதுச்சேரியின் வில்லியனூர் ஆகியவை தமிழர் வாழும் பகுதிகளில் பெயர்பெற்ற மையங்கள். காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோவிலுக்கு அருகிலுள்ள அத்தகிரித் தெரு பொம்மைக்காரத் தெரு என்றே அறியப்படுகிறது. விளாச்சேரியில் கொலு பொம்மைகளைச் செய்யும் அதே கைவினைஞர்கள் கிறித்துமசுக் குடில் பொம்மைகளையும், பிள்ளையார் உருவங்களையும் செய்கின்றனர். தொழில் ஆண்டு முழுவதும் நடைபெறுகிறது. ஆனால் வருமானம் சில வாரங்களுக்குள் வருவதாகும்.

வேலூர், ஆம்பூர் வட்டாரம்

பாலாற்றுப் படுகையில் அமைந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்ற ஊர்கள். 2019 ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன.

பண்ருட்டி, காஞ்சிபுரம் போன்று பெயர்பெற்ற கொலு பொம்மை மையம் இவ்வட்டாரத்தில் இல்லை. ஆனால் பொம்மை மரபுகள் சந்திக்கும் இடத்தில் இது அமைந்துள்ளது. கிழக்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் காஞ்சிபுரத்தின் மண், காகிதக்கூழ் பொம்மைகள். வடக்கே சித்தூரைக் கடந்தால் திருப்பதியின் மரப்பாச்சி. மேற்கே பெங்களூரைத் தாண்டிச் சென்னப்பட்டணத்தின் அரக்குப் பொம்மைகள். சென்னை, பெங்களூர் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்கின்றன. தமிழும் தெலுங்கும் உருதும் பேசப்படும் இப்பகுதியில், தமிழ்க் குடும்பங்களின் கொலுவும் தெலுங்குக் குடும்பங்களின் பொம்மல கொலுவும் ஒரே தெருவில் அமைவது இயல்பானது.

வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரி அழகிய மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். பானை வனைதலும் பொம்மை செய்தலும் ஏரிக் களிமண்ணையே நம்பியுள்ளன. ஏரிகளில் மண் எடுப்பதற்கு அரசின் அனுமதி தேவை. 2024 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, உழவர்களும் மட்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழிசெய்தது.

இவ்வட்டாரத்தின் தட்பவெப்பம் பொம்மைச் சேகரிப்பைப் பாதிக்கக்கூடியது. வேலூரில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள பரணில் வைத்த பொம்மைகளின் வண்ணம் வெடித்து உரியும். மறுபுறம், நவராத்திரி முடியும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஈரக்காற்றில் பொதிந்த பொம்மைகள் பூஞ்சை பிடிக்கும்.

சேகரிப்பு

மேலைநாடுகளில் பொம்மை சேகரித்தல் தனியாள் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் பொம்மைக் கழகங்களின் ஐக்கியக் கூட்டமைப்பு 1949 ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அங்கு பொம்மையின் மதிப்பு, செய்த நிறுவனம், ஆண்டு, அசல் உடை, அசல் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்படுகிறது. கொலுச் சேகரிப்பு இதிலிருந்து வேறுபட்டது. அது குடும்பத்தின் பொதுச் சொத்து. பெரும்பாலும் பெண்கள் வழியாகக் கைமாறுவது. அதன் மதிப்பு, எந்தப் பொம்மை யாரால், எந்த ஆண்டு, எதன் பொருட்டு வாங்கப்பட்டது என்னும் நினைவில் உள்ளது.

அந்த நினைவு எழுதி வைக்கப்படுவது அரிது. கொலு பொம்மைகளில் செய்தவர் பெயரோ ஆண்டோ பொதுவாகப் பொறிக்கப்படுவதில்லை. விவரம் அறிந்த மூத்தவர் மறைந்தபின், பொம்மை எஞ்சும். அதன் வரலாறு எஞ்சாது. சில குடும்பங்களில் பொம்மையின் அடியில் வாங்கிய ஆண்டைப் பென்சிலால் எழுதும் வழக்கம் உண்டு. ஒளிப்படத்துடன் கூடிய பட்டியல் வைத்திருப்பதும் பயனுள்ளது.

பழைய பொம்மைகளை இனங்காணல்

* உடைந்த அல்லது உரிந்த இடத்தில் செம்மண் நிறம் தெரிந்தால் சுடுமண்; வெண்ணிறம் தெரிந்தால் பாரிசுச் சாந்து; நார் தெரிந்தால் காகிதக்கூழ்.
* நன்கு சுட்ட மண்பொம்மையை விரலால் தட்டினால் கணீரென்ற ஒலி எழும். விரிசல் இருந்தால் ஒலி மங்கும்.
* பழைய வண்ணத்தில் பளபளப்புக் குறைவாகவும், நுண்ணிய வலைபோன்ற வெடிப்புகளும் காணப்படலாம்.
* செம்மரம் கனமானது. நீரில் இட்டால் மூழ்கும்.

பழைய பொம்மைக்கு முழுவதும் புது வண்ணம் அடிப்பது பொதுவாக நடைபெறும் செயல். இதனால் பொம்மை புதிதாகத் தோன்றினும், மூல ஓவியரின் கண்வரையும் உடைக்கரையும் நிலையாக மறைந்துவிடுகின்றன. உரிந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வது நல்லது.

பாதுகாத்தல்

பொம்மையைத் தலையையோ கையையோ பிடித்துத் தூக்காமல், ஒரு கையை அடியில் கொடுத்து எடுக்க வேண்டும். தூசியை உலர்ந்த மென்தூரிகையால் நீக்க வேண்டும். பாரிசுச் சாந்து, காகிதக்கூழ் பொம்மைகளில் நீர் படக்கூடாது. பழைய பருத்தி வேட்டி அல்லது புடவைத் துண்டில் சுற்றுவது மரபான முறை. செய்தித்தாள் நேரடியாகப் பட்டால் அதன் மை வண்ணத்தில் ஒட்டக்கூடும். ஆதலால் துணிக்கு வெளியே வைக்கலாம். கனமானவை பெட்டியின் அடியிலும் இலேசானவை மேலேயும் வைக்கப்படும். உலர்ந்த வேப்பிலை இடுவது பூச்சிகளைத் தடுக்கும் பழைய வழக்கமாகும். மழை நாளாயின் பொம்மைகளை உலரவிட்டு, வெயில் வந்தபின் கட்டுவது நன்று.

கொலு காணுதல்

நவராத்திரி மாலைகளில் அக்கம்பக்கத்தாரையும் உறவினரையும் குங்குமம் கொடுத்து வீட்டுக்கு அழைப்பர். வந்தவர்கள் கொலுவின்முன் அமர்ந்து பாடுவர். சுண்டலும், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் கொண்ட தாம்பூலமும் தரப்படும். சிறுவர்கள் சுண்டலுக்காக வீடு வீடாகச் செல்வது பல தலைமுறைகளின் பொது நினைவாகும். கொலு வைக்கும் வழக்கம் எல்லாக் குடும்பங்களிலும் இல்லை. ஆயினும் பார்க்க வருவதற்கு அக்கட்டுப்பாடு கிடையாது.

கோவில்களிலும் பள்ளிகளிலும் பொதுக்கொலு வைக்கப்படுகிறது. 1973 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகார், நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைக் கண்காட்சியும் விற்பனையும் நடத்துகிறது. பல ஊர்களின் பொம்மைகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இது வாய்ப்பளிக்கிறது. ஆண்டு முழுவதும் பொம்மைகளைக் காண விரும்புவோர்க்கு, புது தில்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965 ஆம் ஆண்டில் நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் உள்ளது.

பிற நாடுகளில்

சப்பானில் மார்ச்சு 3 அன்று கொண்டாடப்படும் இனமத்சுரி என்னும் பொம்மைத் திருவிழா கொலுவுக்கு மிகவும் ஒப்பானது. சிவப்புத் துணி விரித்த படிகளின் உச்சியில் பேரரசர், பேரரசி பொம்மைகளும், கீழே அவைப் பெண்களும் இசைக்கலைஞர்களும் வைக்கப்படுவர். முழுத் தொகுதி 7 படிகளைக் கொண்டது. இங்கும் அரசவையே படிகளில் அமைகிறது. பொம்மைகள் குடும்பத்தில் வழிவழியாக வருகின்றன. விழா முடிந்தவுடன் பொம்மைகளை எடுத்து வைக்காவிடில் பெண்ணின் திருமணம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கை அங்கு உண்டு. இரு விழாக்களும் தனித்தனியே தோன்றியவை.

தற்கால நிலை

சுடுமண் பொம்மைத் தொழிலுக்கு முதன்மைப் போட்டியாக இருப்பது பாரிசுச் சாந்து. சிப்சம் என்னும் கனிமத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் சூடாக்கிப் பெறும் இத்தூள், நீருடன் கலந்த சில நிமிடங்களில் இறுகிவிடும். சூளை, விறகு, பல நாள் உலர்த்தல் எதுவும் தேவையில்லை. ஆகவே விலை குறைவு. ஆனால் விளிம்புகள் எளிதில் உடையும்; ஈரத்தில் ஊறினால் பொடியும். நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் நீர்நிலைகளில் கரைக்கப்படும் உருவங்களுக்குப் பாரிசுச் சாந்தைத் தடைசெய்தன. கரைக்கப்படாத கொலு பொம்மைகளை அத்தடை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை.

வீடுகளின் அளவு குறைந்ததும், பிள்ளைகள் வெளியூர்களில் குடியேறியதும் பெரிய கொலுக்களைக் குறைத்துள்ளன. ஒன்பது படிகள் மூன்றாகின்றன. பெற்றோர் மறைவுக்குப்பின் சேகரிப்பு உடன்பிறந்தோரிடையே பிரிகிறது. தசாவதாரம் போன்ற தொகுதிகள் உடைந்து முழுமையிழக்கின்றன. சில பழைய பொம்மைகள் கோவில்களுக்குக் கொடுக்கப்படுகின்றன; சில மரத்தடியில் விடப்படுகின்றன. 2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது பல குடும்பங்கள் காணொளி அழைப்பில் கொலுவைக் காட்டின. தொலைவிலுள்ள உறவினருக்குக் கொலுவை இவ்வாறு காட்டும் பழக்கம் அதன் பின்னரும் தொடர்கிறது.

பொம்மை ஒன்றுக்குப் புதிதாக மாதிரி வனையவும் கண் எழுதவும் தெரிந்த கைவினைஞர் இருக்கும்வரையே புதிய உருவங்கள் பிறக்கும். ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மை என்னும் மரபு, ஒவ்வொரு வீட்டின் கொலுவையும் இக்கைவினைஞர்களின் பிழைப்போடு இணைத்து வந்துள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* நவராத்திரி
* மரப்பாச்சி பொம்மை
* தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை
* தோற்பாவைக்கூத்து
* சென்னப்பட்டணம்
* பண்ருட்டி
* வேலூர்